இரண்டு பவுன், இரண்டு ஷில்லிங், ஏழு பென்ஸ்

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லிவிடுகிற கதை ஒன்று உண்டு. நானும் இங்கேயே முன்பு ஒரு குறிப்பில் வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருக்கிறேன்.

1907-ல் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி தன்னுடைய புது 40/50 குதிரைத்திறன் காரை 15,000 மைல் ஓட்டிக் காட்டியது. பிற்பாடு உலகம் சில்வர் கோஸ்ட் என்று கூப்பிட்ட வண்டி அதுதான். முதலில் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு சோதனைப் பந்தயம்; அப்புறம் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே ஞாயிறு தவிர ராத்திரி பகலாக ஓட்டம். முடிந்ததும் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் ஆட்கள் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த பாகங்களை மாற்றிப் புதுசுபோல ஆக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். வந்த தொகை 2 பவுன் 2 ஷில்லிங் 7 பென்ஸ்.

கேட்டதும் புல்லரிக்கிற கதைதான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அதில் பல வருஷம் கொல்லிமலை ரூட். எழுபது கொண்டை ஊசி வளைவு. அவர் வண்டிகளைப் பற்றி அதிகம் பேச மாட்டார், ஆனால் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "செரி, பிரேக்கு எங்கடா வெச்சிருந்தானுங்க?" என்றார்.

"பின்னாடி மட்டும்தாங்கப்பா. முன்சக்கரத்துக்குப் பிரேக் கெடயாது."

"எத்தன வருசம் அப்பிடியே ஓட்டுனானுங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடினேன். கிடைத்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் குறிப்பு அந்தத் தேடலில் இருந்து வந்தது. என் பழைய குறிப்பின் மீதான விமர்சனம் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம்.

வெறும் சேஸிஸ்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சில்வர் கோஸ்ட் என்று நாம் படத்தில் பார்க்கிற அழகான வண்டியின் மேல்பாதி ரோல்ஸ்-ராய்ஸ் செய்தது இல்லை. அந்தக் காலத்து உயர்ரகக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் சேஸிஸை மட்டும்தான் விற்றன. சட்டம், எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சுகள், ஸ்பிரிங், சக்கரம், முன்னால் ரேடியேட்டர், பானெட். அவ்வளவுதான். வாங்கியவர் அதைப் பார்க்கர், ஹூப்பர் மாதிரியான கூண்டு கட்டும் பட்டறைக்கு அனுப்பித் தனக்குப் பிடித்த உடலைக் கட்டிக்கொள்வார். 15,000 மைல் ஓடிய அந்த 60551 எண் சேஸிஸுக்கு உடல் கட்டியது பார்க்கர். வெள்ளி நிறம் பூசி, உலோகப் பாகங்களுக்கு வெள்ளி முலாம் போட்டு, அதற்கு சில்வர் கோஸ்ட் என்று பெயரும் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நாமக்கல், கரூர் ரோட்டில் நின்றால் கூண்டே இல்லாத பஸ் சேஸிஸ் ஒன்று, மேலே ஒரு டிரைவர் மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலில் போவதைப் பார்த்திருப்பீர்கள். கரூர் பட்டறைகளில் போய்த்தான் அது பஸ் ஆகும். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான், என்ன, வாங்குகிறவர் மகாராஜா.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேஸிஸ் செய்கிறவனுக்கு மேலே என்ன ஏறப்போகிறது என்று தெரியாது. ஒருத்தர் லேசான திறந்த வண்டி கட்டுவார். இன்னொருத்தர் கண்ணாடி, கதவு, மெத்தை எல்லாம் வைத்து லிமோசின் கட்டுவார். இரண்டுக்கும் அதே சட்டம். அது கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் மேலே இருக்கிற மரக்கூண்டு கிரீச் கிரீச் என்று அழ ஆரம்பித்துவிடும்.

ஹென்றி ராய்ஸ் இதில் எடுத்த கவனம் உண்மையிலேயே அசாத்தியம். சட்டத்தின் இணைப்புகளில் ரிவெட் அடிப்பதுதான் வழக்கம். பழுக்கக் காய்ச்சி அடிக்கிற ரிவெட் ஆறும்போது சுருங்கி, ஓட்டையை முழுசாக நிரப்பாமல் போகலாம். நாளாக நாளாக அந்த மயிரிழை இடைவெளியில் ஆட்டம் விழும். ராய்ஸ் அதற்குப் பதிலாக ஒரு பக்கம் சற்றே குறுகலான போல்ட்டுகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு ஓட்டையையும் அதே சாய்வுக்குக் கையால் இழைத்து, போல்ட் உள்ளே போய் இறுகிக்கொள்ளும்படி செய்தார். நேரம் பிடிக்கிற வேலை, காசு பிடிக்கிற வேலை. வாங்குகிறவர் கண்ணில் ஒருநாளும் படாத வேலையும்கூட.

இதற்கெல்லாம் நான் முன்பு கொடுத்த பாராட்டை இப்போதும் திருப்பி வாங்கப் போவதில்லை. கதை சொல்லப்பட்ட விதத்தோடுதான் எனக்குத் தகராறு.

அந்த ஒரே ஒரு நிறுத்தம்

15,000 மைல் ஓட்டத்தின் இன்னொரு புகழ்பெற்ற எண் 14,371. 'தானாக நிற்காமல்' தொடர்ந்து ஓடிய மைல்கள். 15,000-ல் இருந்து இதைக் கழித்துப் பாருங்கள். 629 வரும். அதாவது 629-வது மைலில் வண்டி ஒருமுறை நின்றுவிட்டது. அதற்கப்புறம் நிற்கவில்லை. கதை சொல்கிறவர்கள் பெரிய எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏன் நின்றது? பெட்ரோல் குழாயில் இருந்த திருகு ஓட்டத்தின் அதிர்வில் தானாக மூடிக்கொண்டது. கம்பி உடையவில்லை, பல் தெறிக்கவில்லை. ஒரு சின்னக் குழாய்த் திருகு ஆடி ஆடி மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கால வண்டி எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி அந்த ஒரு நிறுத்தத்திலேயே தெரிகிறது. நடுக்கம். உலகத்திலேயே அமைதியான கார் என்று பெயர் வாங்கப்போகிற வண்டியை நிறுத்தியதும் நடுக்கம்தான்.

அடுத்து, 'தானாக நிற்பது' என்றால் என்ன? டயருக்காக நின்றால் அது கணக்கில் வராது. 1907-ல் டயர் என்பது இன்றைய டயர் இல்லை. பஞ்சர் ஒட்டுவதும் டயர் மாற்றுவதும் அன்றாட வேலை. 2 பவுன் சொச்சத்திலும் டயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது. அது எந்திரப் பாகங்களின் தேய்மானக் கணக்கு மட்டும். பொய் இல்லை. ஆனால் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்று தெரியாமல் அந்தத் தொகையைச் சொன்னால், கேட்கிறவர் 15,000 மைலுக்கு மொத்தச் செலவே இவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொள்வார். என் பழைய குறிப்பைப் படித்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இந்த ஓட்டத்தை ஏற்பாடு செய்தவர் கிளாட் ஜான்சன். ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரின் நடுவில் இருக்கிற கோடு இவர்தான் என்று சொல்வார்கள். ரோல்ஸிடம் வருவதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? அதே ஆட்டோமொபைல் கிளப்பின் முதல் செயலாளர். 1900-ல் பிரிட்டன் முழுக்க நடந்த 1,000 மைல் சோதனை ஓட்டத்தை நடத்தியதே அவர்தான். கிளப் மேற்பார்வையாளர்கள் நேர்மை தவறினார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சோதனையில் எது அளக்கப்படும், எது அளக்கப்படாது, எந்த எண் பத்திரிகையில் பேசும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அன்றைக்கு இங்கிலாந்தில் குறைவு என்று மட்டும் சொல்கிறேன்.

அளந்ததெல்லாம் என்னென்ன? தேய்மானம், தொடர் ஓட்டம், அமைதி. எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதைப் பற்றி அந்தக் கதையில் ஒரு எண்கூட இல்லை.

நடுக்கத்தோடு நடந்த சண்டை

40/50-க்கு முன்னால் ராய்ஸ் செய்த 30 குதிரைத்திறன் வண்டிக்கும் ஆறு சிலிண்டர். அதில் கிராங்க் ஷாஃப்ட் முறிந்துகொண்டிருந்தது. ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்குகிறோம் இல்லையா, நீளமான கிராங்குக்கும் அதுதான் கதி. ஒவ்வொரு வெடிப்பும் அதை ஒரு முறுக்கு முறுக்கும். அது திரும்பி விரியும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி, முறுக்கும் விரிதலும் ஒத்துப்போய்விடும். அப்புறம் இரும்பு என்ன செய்யும்?

ராய்ஸ் 40/50-ல் கிராங்கைக் கனமாக்கினார். ஏழு பேரிங் கொடுத்தார். சிலிண்டர்களை மூன்று மூன்றாக இரண்டு தொகுதியாக வார்த்து, கிராங்கின் முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிரொலியாக இருக்கச் செய்தார். எண்ணெயை அழுத்தத்தில் அனுப்பினார். முன்முனையில், கொஞ்சம் வழுக்கிச் சுழலும்படி ஒரு சின்னச் சக்கரத்தையும் பிற்பாடு சேர்த்தார்கள். நடுக்கத்தின் சக்தி அந்த உராய்வில் கரைந்துபோகும்.

இதே பிரச்சினையை ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற இன்னொரு ஆங்கிலேயரும் பிடித்திருந்தார். நடுக்கம் தணிக்கும் கருவிக்கு 1910-ல் காப்புரிமை அவருடையது. யார் முதல் என்ற சண்டை வரலாற்றாசிரியர்களுக்கு இடையே ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. லான்செஸ்டர் கணக்குப் போட்டு முன்னாலேயே ஒன்றைக் கண்டுபிடிக்கிற ஆள். வண்டியின் ஸ்பிரிங் எந்த வேகத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று யோசித்து, மனிதன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிற கதிதான் நமக்குப் பழகியது, அதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தவர் அவர். ராய்ஸ் அப்படி இல்லை. உடைந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் உடைந்தது என்று தோண்டுகிற ஆள்.

பின்பக்க ஸ்பிரிங் விஷயத்தில் இது நன்றாகத் தெரிகிறது. ஆரம்பத்தில் 40/50-க்குப் பின்னால் மூன்று பட்டைகள்: நீளவாக்கில் இரண்டு, அவற்றின் பின்முனைகளை இணைத்துக் குறுக்கே ஒன்று. மெத்தையாக இருக்கும், ஆனால் வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்தக் குறுக்குப் பட்டை தடுக்காது, கூடவே சாய்ந்துகொடுக்கும். 1908 வாக்கில் முக்கால் வட்ட வடிவப் பட்டைக்கு மாறினார்கள். 1912 வாக்கில் அதையும் விட்டுவிட்டு, நடுவில் சட்டத்தோடு பிணைத்து, பின்முனையில் அச்சைத் தாங்குகிற நீண்ட பட்டைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இறங்குகிற ஏத்தம் மாதிரி. அந்த வகைப் பட்டை லான்செஸ்டர் வண்டிகளில் பல வருஷமாக இருந்ததுதான்.

ஆறு வருஷத்தில் மூன்று ஸ்பிரிங். வேறொரு கம்பெனி என்றால் 'தடுமாறினார்கள்' என்று எழுதுவோம். ரோல்ஸ்-ராய்ஸ் என்றால் 'மெருகேற்றினார்கள்' என்று எழுதுகிறோம். இரண்டும் உண்மைதான். தடுமாற்றத்தை மறைத்துவிட்டு மெருகை மட்டும் சொல்வதால்தான் அந்த வண்டி ஏதோ வானத்திலிருந்து முழுசாக இறங்கி வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஏற்றத்தில் நின்ற வண்டி

என் பழைய குறிப்பில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு வேடிக்கை இது.

1906-ல் வந்த 40/50-க்கு நான்கு கியர். நான்காவது ஓவர்டிரைவ். 1909-ல் அதை மூன்று கியராகக் குறைத்தார்கள். எஞ்சினுக்கு இழுவை அவ்வளவு. டாப் கியரிலேயே ஊர்ந்தும் போகலாம், பறக்கவும் செய்யலாம். கியர் மாற்றுவதே அந்தக் காலத்தில் சத்தமும் சள்ளையும் பிடித்த வேலை. மாற்றவே வேண்டாம் என்றால் பின்சீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு நிம்மதி!

1911-ல் இதையே ஒரு சாதனையாகக் காட்டினார்கள். 1701 எண் சேஸிஸை லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும் திரும்பவும் டாப் கியரிலேயே ஓட்டினார்கள். ஒரு காலனுக்கு 24.32 மைல் கொடுத்தது. அதே வண்டி புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 78.26 மைல் வேகம் தொட்டது. நடைவேகமும் பந்தய வேகமும் ஒரே கியரில். பெரிய விஷயம்தான்.

அதற்கு அடுத்த வருஷமே, 1912-ல், ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைச் சோதனை ஓட்டம். ஜேம்ஸ் ராட்லி என்பவர் தன் சொந்த 40/50-ஐ எடுத்துக்கொண்டு போனார். கட்ஸ்பெர்க் என்ற கணவாயில், நான்கடிக்கு ஓரடி ஏறுகிற மாதிரியான செங்குத்தில், வண்டி நின்றுவிட்டது. முதல் கியர் அதற்குப் போதவில்லை. ஆட்களை இறக்கி எடையைக் குறைத்த பிறகுதான் ஏறியது. முந்தின வருஷம் கியரே தேவையில்லை என்று காட்டிய வண்டி, இப்போது ஒரு கியர் குறைவாக இருந்ததால் மலையில் மானம் கெட்டது.

இதற்கு டெர்பி தொழிற்சாலை காட்டிய வேகம் மெச்சத்தக்கது. அடுத்த வருஷமே கீழ்க்கியரோடு நான்கு கியர் பாக்ஸ் தயார். 1913 ஓட்டத்துக்குக் கம்பெனியே அணி அனுப்பியது. ராட்லியும் போனார். மலைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த வகை வண்டிக்கு ஆல்பைன் ஈகிள் என்று ஒரு பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது. கதைகளில் 1913 இருக்கும். 1912 இருந்தாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்தச் சேஸிஸை நல்ல சேஸிஸ் ஆக்கியது 1912 என்பது என் கட்சி.

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "ஏத்தத்துல நின்னா மானம்தான் போகும். எறக்கத்துல நிக்கலீன்னா உசுரு போகும். அதுக்கு என்ன பண்ணுனானுங்க?"

கடைசியில் வந்த பிரேக்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

ஆரம்ப 40/50-ல் கை நெம்புகோல் பின்சக்கர டிரம்களைப் பிடிக்கும். கால் பெடல் சக்கரத்தையே பிடிக்காது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் சுழல்கிற ஷாஃப்ட்டைப் பிடிக்கும். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். ஆனால் அதில் பிடிக்கிற பிடியெல்லாம் ஜாயிண்ட், டிஃபரென்ஷியல், அச்சு என்று ஒவ்வொன்றின் மீதும் ஏறித்தான் சக்கரத்துக்குப் போகும். நடுவில் ஒன்று போனாலும் கால் பிரேக் காற்றில்தான். 1913-ல் கால் பிரேக்கையும் பின்சக்கரத்துக்கே கொண்டுபோனார்கள். நல்ல மாற்றம். ஆனால் அப்போதும் பின்சக்கரம் மட்டும்தான்.

பின்சக்கரத்தை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்பது சைக்கிள் ஓட்டியவர்களுக்கே தெரியும். பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது உருளாமல் கொரகொரவென்று தேய்ந்துகொண்டே போகும், ஈரமாக இருந்தால் பக்கவாட்டில் வால் ஆட்டும். வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டு டன் லிமோசின் ஒன்று அந்தச் சக்தியைத் தொடாமலே மலை இறங்கியது. முதல் உலகப்போரில் இதே சேஸிஸ் மீது இரும்புத் தகடு போர்த்திக் கவச வண்டி செய்தார்கள். நான்கு டன்னைத் தொடுகிற எடை. தாங்கியது என்று எல்லோரும் வியக்கிறார்கள், நானும் வியந்தேன். அதை ஓட்டியவனுக்கும் இருந்தது அதே பின்சக்கர டிரம்தான்.

முன்சக்கரப் பிரேக் அன்றைக்கு யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. இத்தாலியில் இசோட்டா ஃப்ராஸ்கினி 1910-லேயே முயன்றிருந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் கம்பெனி 1911-ல் நான்கு சக்கரப் பிரேக்கோடு வண்டி காட்டியது. 1919-ல் இஸ்பானோ-சுய்சாவின் H6 வந்தது. மார்க் பிர்கிட் வடிவமைத்தது. நான்கு சக்கரப் பிரேக், கூடவே வண்டியின் ஓட்டத்தையே பயன்படுத்திப் பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் சர்வோ. 1921-ல் அமெரிக்காவில் டியூசன்பர்க் ஹைட்ராலிக் பிரேக்கையே கொண்டுவந்துவிட்டது. சில்வர் கோஸ்டுக்கு முன்சக்கரப் பிரேக் வந்தது 1923-24-ல்தான், அதுவும் முதலில் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதியாக. 1925-ல் டெர்பியில் அந்த மாடலே முடிந்துவிட்டது. பத்தொன்பது வருஷ வாழ்க்கையில் கடைசி இரண்டு வருஷம்.

ராய்ஸ் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. திரும்புகிற சக்கரத்துக்குப் பிரேக் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சக்கரம் திரும்பும்போது கம்பியின் நீளம் மாறக்கூடாது. பிரேக்கின் முறுக்கை அச்சும் பட்டையும் தாங்க வேண்டும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் செத்துவிடும். அன்றைய ஒல்லி டயரில், வழுக்குகிற கல் ரோட்டில், அது உண்மையான பயம். நடுவில் நான்கு வருஷம் போர் வேறு. சரியாக வராத ஒன்றைத் தன் வண்டியில் வைக்கமாட்டேன் என்ற பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். கடைசியில் வைத்தபோது, இஸ்பானோ-சுய்சாவின் சர்வோ யோசனையை உரிமம் பெற்று எடுத்து, தன் வழக்கப்படி திருத்தி, அப்படி ஒரு பிரேக்கைச் செய்தார்கள். அந்த வகைச் சர்வோ 1960-கள் வரை ரோல்ஸ்-ராய்ஸ் கார்களில் இருந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கிராங்க் நடுக்கத்தையும் ஸ்பிரிங்கையும் கியரையும் யாருக்காகவும் காத்திருக்காமல் துரத்திப் பிடித்தவர்கள், பிரேக்கில் மட்டும் ஏன் மற்றவர்கள் செய்து முடிக்கும்வரை இருந்தார்கள்?

எனக்குத் தோன்றும் பதில் இதுதான். அந்தச் சேஸிஸ் பின்சீட்டில் இருப்பவரின் காதையும் உடம்பையும் வைத்து மெருகேற்றப்பட்டது. சத்தம் அவருக்குக் கேட்கும். குலுக்கல் அவருக்குத் தெரியும். மலையில் வண்டி நின்றால் அவர்தான் இறங்கி நிற்க வேண்டும். அவர் புகார் சொன்னால் டெர்பிக்கு எட்டும். இறக்கத்தில் பெடலை மிதித்தவனுக்குக் கால் நடுங்கியது அவருக்குத் தெரியாது. அவன் சம்பளக்காரன். சேஸிஸ் வாங்குகிறவன் அவன் இல்லை.

இதற்கு இன்னொரு சாட்சி, செல்ஃப் ஸ்டார்ட்டர். கேடிலாக் 1912-லேயே மின்சார ஸ்டார்ட்டரைக் கொடுத்துவிட்டது. சில்வர் கோஸ்டுக்கு அது வந்தது 1919-ல். அதுவரை ஏழு லிட்டர் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றியது யார்? முதலாளியா? டிரைவர்களுக்கென்று கம்பெனியே பயிற்சிப் பள்ளி நடத்தியது, அது நல்ல விஷயம். ஆனால் அதை இன்னொரு மாதிரியும் படிக்கலாம்: வண்டியில் இல்லாததை டிரைவரின் கைப்பழக்கத்தில் தேடிக்கொண்டார்கள்.

நம் ஊர்ப் பக்கம் வந்த வண்டிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். 1908-ல் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே மலைப்பாதைகள் ஊடாக நடந்த சோதனை ஓட்டத்தில் 'கிழக்கின் முத்து' என்று பெயர் வைத்த 40/50 ஒன்று ஜெயித்தது. குவாலியர் மகாராஜா அதை வாங்கினார். 1911 டெல்லி தர்பாருக்கு எட்டு வண்டிகள் போயின. பெயர் வண்டிக்கு இருக்கிறது, மகாராஜாவுக்கு இருக்கிறது. அந்தக் கணவாய்களில் பின்சக்கர டிரம்மை நம்பி இறக்கிய டிரைவர்களின் பெயரைக் கதைகளில் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் சில்வர் கோஸ்ட் சேஸிஸ் மிகைப்படுத்தப்பட்ட சரக்கா? இல்லை. அந்தப் போல்ட்டுகளுக்காகவும் அந்தக் கிராங்குக்காகவும் 1912-க்குப் பிறகு காட்டிய பணிவுக்காகவும் அது இன்றைக்கும் படிக்க வேண்டிய எந்திரம். குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போனதுதான் அதன் பெருமை. யாருடைய குறையை முதலில் கேட்டார்கள், யாருடையதைக் கடைசியில் கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பெருமைக்குச் சரியான அளவு கிடைக்கும்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னேன். "பதினேழு, பதினெட்டு வருஷம் பின்பிரேக் மட்டும்தானுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நல்ல டிரைவருங்களாத்தான் இருந்திருக்கோணும்" என்றார்.

பழைய குறிப்பில் 2 பவுன் 2 ஷில்லிங் 7 பென்ஸை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே மூன்று வரி சேர்த்திருக்கிறேன்: டயர் இதில் சேராது, 629-வது மைலில் ஒருமுறை நின்றது, முன்சக்கரத்துக்குப் பிரேக் இல்லை.